அரண்மனைக்கு எட்டாத மசாலா

முன்னொரு காலத்தில் கருங்குன்றம் என்ற நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷன்தான். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் பிடிவாதக் குழந்தை. மூன்று வேளையும் ஆட்டுக்கறி வேண்டும். தின்று முடித்தாலும் திருப்தி கிடையாது. "ருசியே இல்லையே! நாளைக்கு இன்னும் இரண்டு ஆடு வெட்டுங்கள்" என்பார்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஊர்களில் மிச்சமிருந்த சொத்தே ஆடுகள்தான். அவற்றையும் சேவகர்கள் அரண்மனைப் பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? மந்திரி பூதலிங்கத்தின் வாசலில் வந்து அழுதார்கள். மந்திரிக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் சபையில் எழுந்து நின்றார்.

"மன்னா, மழை வரும்வரை கறியை நிறுத்திவிடலாம். உழவன் வீட்டுச் செலவுக்குள்ளேயே வாய்க்கு ருசியாகச் சாப்பிட முடியும்."

அரண்மனைச் சமையல் அதிகாரி சமரபுங்கவருக்கு மந்திரியைக் கண்டாலே வயிறு எரியும். விட்டுவிடுவாரா?

"கேட்டீர்களா மகாராஜா! தங்களுக்குக் கொள்ளு போடச் சொல்கிறார். கொள்ளு குதிரைக்கல்லவா?" சபை கொல்லென்று சிரித்தது. "சரி, நாளை மதியம் மந்திரி வீட்டிலேயே விருந்து நடக்கட்டும். உழவன் வீட்டுச் செலவுக்கு மேல் ஒரு மிளகுகூடக் கூடாது. மன்னர் வாயால் 'இன்னும் போடு' என்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால் மந்திரி ஒரு பக்க மீசையோடு நாட்டை விட்டுப் போகட்டும்!"

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். "ஆகட்டும்! நான் கேட்டுவிட்டால் பட்டியிலுள்ள ஆடுகளையெல்லாம் ஊருக்கே திருப்பித் தருகிறேன்" என்றார்.

மந்திரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, மனைவி செண்பகவடிவிடம் நடந்ததைச் சொன்னார்.

"ஒரு பக்க மீசையும் உங்களுக்கு அழகாத்தான் இருக்கும்" என்றாள் அவள்.

"விளையாடாதே வடிவு. பாவப்பட்டவங்க ஆடு போயிடும்."

"சரி சரி. ராஜா எப்படிச் சாப்பிடுவாரு? அதைச் சொல்லுங்க."

மந்திரி சொன்னார். சபா மண்டபத்தில் புகை படியக்கூடாதென்று சமையற்கட்டு கோட்டையின் கடைசி மூலையில் இருக்கிறது. சமைத்ததைப் பல்லக்கில் வைத்து, மேளதாளத்தோடு மெல்ல மெல்லக் கொண்டுவருவார்கள். விஷம் இருக்கிறதா என்று ஒருவர் தின்று பார்ப்பார். அவர் விழாமல் இருக்கிறாரா என்று ஒரு நாழிகை காத்திருப்பார்கள். அப்புறம்தான் ராஜா கை வைப்பார். ராஜா வைத்த மிச்சம் சமரபுங்கவருக்கு.

வடிவு கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயோ பாவமே!" என்றாள். "அவருக்கு இலையை என் அடுப்புப் பக்கத்திலேயே போடுங்க. தின்னு பார்க்க வேற ஆளு வேண்டாம். அந்த அதிகாரியையே உக்கார வைங்க."

மறுநாள் காலையில் சமரபுங்கவர் சும்மா இருக்கவில்லை. ராஜாவுக்கு வயிறு முட்ட முட்டக் கறி போட்டு அனுப்பினார். ராஜா ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்தார்.

வரகரிசிச் சோறு. மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பு. கொல்லை மரத்து முருங்கைக்கீரை. மிளகு தட்டிப்போட்ட கொள்ளு ரசம். எல்லாம் அடுப்பிலிருந்து நேரே இலைக்கு. முதல் இலை வழக்கப்படி சோதிப்பவருக்கு, அதாவது கூடவே வந்த சமரபுங்கவருக்கு.

'தூ' என்று துப்பத் தயாராகத்தான் சமரபுங்கவர் குழம்புச் சோற்றை வாயில் வைத்தார். துப்பவில்லை. கண் மூடிக்கொண்டது.

"எப்படி இருக்கிறது?" என்றார் ராஜா.

"சரியாகத் தெரியவில்லை மன்னா. ஏதோ சந்தேகம். அம்மா, இன்னொரு கரண்டி."

"விஷமா?"

"விஷம் அடியில்தான் தங்குமாம். அடியிலிருந்து மொச்சையாக அள்ளிப் போடுங்கள்."

ராஜா நெளிந்தார். எச்சில் விழுங்கினார். "பூதலிங்கம், நாழிகை ஆயிற்றா?"

"இன்னும் இல்லை மன்னா. பொறுங்கள்."

"பொறுப்பதா? இவர் சந்தேகம் தீர்வதற்குள் சட்டி தீர்ந்துவிடும்!" என்று கரண்டியைப் பிடுங்கித் தாமே போட்டுக்கொண்டார். வாயில் வைத்ததும் துள்ளிக் குதித்தார்.

"ஆ! நாக்கைப் பிடிக்கிறது! தொண்டையெல்லாம் இதமாக இறங்குகிறது! என் அரண்மனையில் இல்லாத ஏதோ ஒன்று இதில் இருக்கிறது. எந்த தேசத்து மசாலா இது?"

"சூடு, மன்னா" என்றார் மந்திரி.

"சூடா? அது எங்கே விளைகிறது?"

"ஏழை வீட்டு அடுப்பில் தினமும் விளைகிறது. தங்கள் பல்லக்கு ஊர்வலத்தில்தான் பட்டுப்போகிறது."

ராஜா இலையில் பறந்த ஆவியைப் பார்த்தார். "பிறந்ததிலிருந்து இதை எனக்கு ஒருவரும் போட்டதில்லையே" என்றார், குழந்தை மாதிரி. மறுபடி ஒரு கவளம் எடுத்தார். மறுபடி சுட்டுக்கொண்டார்.

"ஊதிச் சாப்பிடுங்க ராசா. யாரும் பிடுங்க மாட்டாங்க" என்றாள் வடிவு.

நாடாளும் ராஜா அன்றைக்குத்தான் சோற்றை ஊதித் தின்னக் கற்றுக்கொண்டார். இலை காலியானதும் நிமிர்ந்து பார்த்தார். "தாயே, இன்னும் போடு!"

மந்திரி மெல்லத் திரும்பினார். "சமரபுங்கவரே, குறை ஏதாவது உண்டா?"

அவருக்கு வாய் நிறையச் சோறு. பதில் சொல்ல முடியாமல் 'இல்லை' என்று தலையை ஆட்டினார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஓய், இனிப் பல்லக்கும் இல்லை, மேளமும் இல்லை. அடுப்பிலிருந்து என் இலைக்கு நீரே சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். சோதிப்பதையும் ஓடிக்கொண்டே செய்துகொள்ளும். ஆறிப்போனால் உம்முடைய மீசை போகும்!"

அன்று சாயங்காலமே பட்டி திறந்தது. ஆடுகள் ஊர் ஊராகத் திரும்பின. வாசலில் நின்று அழுத ஜனங்கள் அவற்றைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி வடிவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லோரும் போனபின் மந்திரி பசியோடு வந்து எட்டிப் பார்த்தார். சட்டி காலி.

"வடிவு, எனக்கு?"

"நாட்டையே காப்பாத்தினவருக்கு இல்லாமலா?" என்று அவள் பானை அடியில் ஒட்டியிருந்த சோற்றைக் குழம்புச் சட்டியில் போட்டுப் பிரட்டி, உருட்டி, அவர் கையில் வைத்தாள். அன்றைய விருந்திலேயே அந்த உருண்டைதான் ருசி என்று மந்திரி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் அடுப்பு அணையாமல் எரிந்தது. நம் வீட்டு அடுப்பும் எரியட்டும்.