கோரைக்குள் ஒற்றை விளக்கு

“சாமி, ஒளிஞ்சுக்க ஒரு இடம் வேணும்.”

கேட்டவன் பெயர் சேவுகன். இடுப்பு வரை சேறு. கண்கள் சிவந்து இமை வீங்கியிருந்தது. திருடன் என்பதை வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாத கோலம்.

கண்மாய்க் கரையில், மடைக்குப் பக்கத்துக் கல்மண்டபத்தில் பல வருடங்களாகக் குடியிருந்ததால் அந்தச் சாமிக்குக் கரைச்சாமி என்று பெயர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். சீடர்கள் கிடையாது. சிலர் வந்து பார்த்தார்கள். அவர் பேசாமல் இருப்பதைத் தாங்க முடியாமல் போய்விட்டார்கள். அவரும் தடுக்கவில்லை.

சாமி எழுந்தார். மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து வந்து, மண்டபத்தின் முகப்பில், வண்டிப்பாதையைப் பார்த்தபடி விரித்தார்.

“படு.”

சேவுகன் பாயைப் பார்த்தான். பாதையைப் பார்த்தான்.

“நான் ஒளிய இடம் கேட்டேன் சாமி.”

“கேட்டே.”

“இங்க படுத்தா போறவங்க வர்றவங்க எல்லாரும் பார்ப்பாங்களே.”

“பார்ப்பாங்க.”

“என்னைத் தேடி ஆள் வருது.”

“யாரும் வர மாட்டாங்க. படு.”

சேவுகனுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இரண்டுக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். கஞ்சி இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். இருந்தது. நின்றபடியே குடித்தான். இன்னொருவனுக்கும் ஒரு சட்டியில் வாங்கிக்கொண்டு, கரையிறங்கிக் கோரைக்குள் போய்விட்டான்.

*

அந்த இன்னொருவன் ராக்கன். சேவுகனின் மனைவிக்கு அண்ணன். தொழிலுக்கு அழைத்து வந்தவனும் அவன்தான்.

வேலங்காட்டில் ஒரு கல்யாண வீடு. பெண்ணுக்குச் சீராகக் கொடுக்க ஒரு ஜோடிக் குத்துவிளக்கு வாங்கி வைத்திருந்தார்கள். இடுப்புயரம், நல்ல கனம். ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் இறங்கினார்கள். வேலி தாண்டும்போது ராக்கன் தன் விளக்கைக் கைநழுவ விட்டான். அது விழுந்த சத்தத்தில் தெருவே எழுந்துகொண்டது.

அப்போது ஓடத் தொடங்கியவர்கள். முள்ளுக்காட்டில் ஓடினார்கள், வரப்பில் ஓடினார்கள், எந்தத் திசை என்று தெரியாமல் ஓடினார்கள். கடைசியில் இந்தக் கண்மாய்க்கு வந்து சேர்ந்தார்கள். கோடையில் தண்ணீர் நடுவில் ஒதுங்கி முழங்காலளவுக்கு வந்திருந்தது. சுற்றிலும் சேறு. சேற்றில் ஆளுயரத்துக்குக் கோரை. அதற்குள் ஒரு பழைய வேட்டியில் சுற்றிய ஒற்றை விளக்கோடு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவர் மாற்றி ஒருவர் தூங்குவதாகப் பேச்சு. இருவருமே தூங்கவில்லை. கோரை அசைந்தால் ஆள் வருகிறது என்று பயந்தார்கள். அசையாவிட்டால் ஆள் பதுங்கியிருக்கிறது என்று பயந்தார்கள்.

“சாமி என்ன சொன்னாரு மாப்ளே?”

“பாய் விரிச்சாரு.”

“படுக்க வச்சுப் பிடிச்சுக் கொடுக்கப் பார்க்கறாரு.”

“பிடிச்சுக் கொடுக்கறவரு கஞ்சி எதுக்கு மச்சான் ஊத்துறாரு?”

“அதுக்குத்தான்.”

ராக்கனோடு பேசினால் எல்லாம் இப்படித்தான் முடியும். சேவுகன் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டான்.

*

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் சேவுகன் மறுபடி மண்டபத்துக்கு வந்தான்.

“சாமி, என்னைச் சீடனாச் சேர்த்துக்கங்க.”

சாமி கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஞானம் வேணுமா?”

“காவித்துணி வேணும். கட்டிக்கிட்டா யாருக்கும் அடையாளம் தெரியாது.”

சாமி கொடியில் காய்ந்த தன் துணியைக் காட்டினார். நடுவில் கிழிந்து முடிச்சுப் போட்டிருந்தது.

“இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் நீ கட்டிக்கிட்டா நான் எங்க போயி ஒளியறது?”

சேவுகன் கஞ்சியைக் குடித்தான். சாமி பாயை விரித்தார். அவன் பாயை மிதிக்காமல் ஒதுங்கி நடந்து இறங்கிப் போனான்.

*

அதற்கடுத்த நாள் அவன் எதுவும் கேட்கவில்லை. வந்து, தூணில் சாய்ந்து நின்றான். நின்றபடியே கண் சொருகியது.

“தூங்கி எத்தனை நாளாச்சு?” என்று சாமி கேட்டார்.

“தெரியலை சாமி. கண்ணை மூடுனா அந்தப் பொம்பளை குரல் கேக்குது. கல்யாணப் பொண்ணோட அம்மா. நாங்க வேலி தாண்டுறப்போ கத்துச்சு. ‘எம் புள்ளை விளக்கு, எம் புள்ளை விளக்கு’ன்னு. திருடன்னுகூடக் கத்தலை.”

சாமி பாயை விரித்தார்.

“வேணாம் சாமி. இங்க படுத்தா மாட்டிக்குவேன்.”

“அங்க?”

சேவுகன் கோரையைத் திரும்பிப் பார்த்தான். சேற்றிலேயே நின்று கால் விரல் இடுக்கெல்லாம் புண்ணாகியிருந்தது. கொசுக்கடியில் முதுகு தடித்திருந்தது.

“சரி. விடியறதுக்குள்ள கரையேறி வந்துரு,” என்றார் சாமி. “நாளைக்குக் கண்மாய்க்குள்ள இருக்காதே.”

“ஏன் சாமி?”

“கூட்டம் வரும்.”

சேவுகன் சட்டியைக்கூட எடுக்காமல் ஓடினான். சாமி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஓடுகிறவனைக் கூப்பிட்டு நிறுத்தும் பழக்கம் அவருக்கு இல்லை. கஞ்சிச் சட்டியை மூடி வைத்தார்.

“கூட்டம் வருதாம் மச்சான்,” என்றான் சேவுகன், கோரைக்குள் வந்து விழுந்ததும்.

ராக்கன் யோசித்தான். “அப்படின்னா பாதையில இப்பவே ஆள் நிக்கும். வெளிய தலைகாட்டக் கூடாது. இங்கேயே கிடப்போம்.”

சேவுகன் மறுக்கவில்லை. இனி ஓடச் சொல்லியிருந்தாலும் அவன் கால் கேட்டிருக்காது.

*

விடிந்தபோது நான்கு கரையிலும் ஆட்கள் நின்றார்கள்.

பத்துப் பேரில்லை, நூறு பேரில்லை. கரை தெரியாத அளவுக்கு ஜனம். ஆண்கள், பெண்கள், இடுப்பில் பிள்ளையோடு சிலர். கையில் கம்பு, வலை, கூடை. இன்னும் பாதையில் வண்டி வண்டியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் கீழே இறங்கவில்லை. எல்லாரும் கண்மாயையே பார்த்தபடி காத்திருந்தார்கள்.

கோரை இடுக்கு வழியாகச் சேவுகன் பார்த்தான்.

“இவ்வளவு பேரா மச்சான்? ஒரு விளக்குக்கா?”

ராக்கன் இன்னும் தாழக் குனிந்தான். “சுத்தி வளைச்சுட்டாங்க மாப்ளே. அசையாதே.”

மடையின் மேல் ஒரு பெரியவர் ஏறி நின்றார். கையில் வெள்ளைத் துண்டு. அவரைக் கண்டதும் கரையில் பேச்சு அடங்கியது.

சேவுகன் விளக்கை மடியில் எடுத்து வைத்தான். பிறகு விளக்கில் சுற்றியிருந்த வேட்டியை அவிழ்த்து எறிந்தான்.

“என்ன பண்றே?”

“போதும் மச்சான். என்னால முடியல.”

ராக்கன் அவன் காலைப் பிடித்து இழுத்தான். சேவுகன் உதறிவிட்டுக் கோரையை விலக்கி வெளியே போனான்.

அதே நேரத்தில் பெரியவர் துண்டை வீசினார்.

நான்கு கரையும் ஒன்றாகச் சரிந்து இறங்கியது போலிருந்தது. ஹோவென்று கூச்சல். சேறு தெறிக்க எல்லாரும் தண்ணீரை நோக்கி ஓடி வந்தார்கள். சேவுகன் முழங்கால் தண்ணீரில் நின்று, விளக்கைத் தலைக்கு மேல் தூக்கி, கண்களை இறுக மூடிக்கொண்டான்.

“நான்தான் எடுத்தேன். விளக்கு இந்தா இருக்கு. உசுரை மட்டும் விட்டுருங்க.”

அடி விழும் என்று காத்திருந்தான்.

தோளில் யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். இன்னொருவர் காலை மிதித்தார். ஒரு வலை அவன் முதுகை உரசிப் போய் விழுந்தது. அடி மட்டும் விழவில்லை.

கண்ணைத் திறந்தான். சுற்றிலும் குனிந்த முதுகுகள். எல்லாரும் தண்ணீருக்குள் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

கோடையில் தண்ணீர் வற்றும்போது கண்மாயில் மீன் பிடிக்க ஊருக்கு ஒரு நாள் குறிப்பார்கள். சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கெல்லாம் தமுக்கடித்துச் சொல்வார்கள். விடியலிலேயே வந்து கரையில் நின்றுவிடுவார்கள். துண்டு வீசும் வரை யாரும் இறங்கக் கூடாது. வீசிய பிறகு கண்மாய் எல்லாருக்கும் சொந்தம். கோரைக்குள் கிடந்தவர்களுக்குத் தமுக்குச் சத்தம் எங்கே கேட்டது?

சேவுகனுக்கு முன்னால் ஒரு பெண், அடியில்லாத கூடையான ஊத்தாவைத் தண்ணீரில் ‘சொத்’தென்று கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் தேடினாள். நிமிர்ந்தபோது அவனைப் பார்த்தாள்.

“என்னப்பா அது?”

“விளக்கு.”

“அது தெரியுது. ஊத்தா கொண்டாரலையா?”

“நான்தான் திருடன்க்கா.”

“இருந்துட்டுப் போ. காலை அந்தப் பக்கம் எடு, விரால் ஓடுது.”

சேவுகன் காலை எடுத்தான்.

எதிர்க்கரையில் ராக்கன் ஏறி ஓடுவது தெரிந்தது. யாரோ போட்டுவிட்டுப் போன ஊத்தா ஒன்றைத் தலையில் கவிழ்த்திருந்தான். அவனை யாரும் துரத்தவில்லை. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறானோ என்னவோ.

*

சேவுகன் மண்டபத்துக்கு வந்தான். விளக்கைக் கீழே வைத்தான்.

“யாரும் பிடிக்கலை சாமி.”

“ம்.”

“நான்தான்னு வாய்விட்டுச் சொன்னேன். யாரும் காதுலயே வாங்கலை.”

“அவங்க மீனுக்கு வந்தவங்க.”

“அப்ப என்னைத் தேடி வந்தவங்க?”

“நீ வந்த அன்னைக்குக் காலையிலயே இங்க வந்தாங்க. நாலு பேரு. பொண்ணோட அப்பனுக்குக் கால்ல முள்ளு ஏறி வீங்கியிருந்துச்சு. தண்ணி குடிச்சாங்க. ‘பந்தல் வேலை கிடக்கு, போனது போகட்டும் சாமி, இருக்கற ஒத்தை விளக்கை வச்சுச் சமாளிச்சுக்கறோம்’னு சொல்லிட்டுத் திரும்பிட்டாங்க.”

சேவுகன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சாமி.”

“யாரும் வர மாட்டாங்கன்னு சொன்னேன். பாயும் போட்டேன்.”

“அப்ப இத்தனை நாளா நான் யாருக்குச் சாமி ஒளிஞ்சு கிடந்தேன்?”

சாமி தன் துண்டை நனைத்து வந்து, விளக்கில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைக்கத் தொடங்கினார். அடிப்பீடத்தைத் துடைத்தார். தண்டைத் துடைத்தார். திரி போடும் ஐந்து முகத்தையும் ஒவ்வொன்றாக விரல் விட்டுத் துடைத்தார். சேவுகன் அழுதுகொண்டே பார்த்திருந்தான். வெட்கம், வலி, தூக்கம் எல்லாம் சேர்ந்த அழுகை.

துடைத்து முடித்ததும் அவன் கேட்டான்.

“கல்யாணம் என்னைக்காம்?”

“நாளைக்கழிச்சு.”

“வேலங்காடு எந்தப் பக்கம் சாமி? நாங்க பாதை பார்த்து வரலை.”

சாமி மண்டபத்துக்கு முன்னால் போகும் வண்டிப்பாதையைக் காட்டினார்.

“இதேதான். வெயில் தாழக் கிளம்பினா நாளைக்குச் சாயங்காலம் போயிறலாம்.”

“அடிப்பாங்க.”

“அடிப்பாங்க.”

“பந்தக்கால்லயே கட்டி வச்சிருவாங்க.”

“செய்வாங்க.”

சேவுகன் விளக்கைப் பார்த்தான். காலை வெயிலில் பித்தளை பளிச்சென்று இருந்தது.

“கட்டி வச்சா அங்கயிருந்து ரெண்டு விளக்கும் தெரியும்ல?” என்றான்.

பிறகு அவனே எழுந்து போய் மூலையிலிருந்த பாயை எடுத்தான். முகப்பில், பாதையைப் பார்த்தபடி விரித்தான். விளக்கைத் தலைமாட்டில் வைத்தான். அதன் மேல் எதையும் மூடவில்லை. காலை முழுதாக நீட்டுவதற்குள் தூங்கிவிட்டான்.

*

உச்சி வெயிலில் ஜனம் மீனோடு வீடு திரும்பியது. பாதை நிறையப் பேச்சும் சிரிப்பும். ஊத்தாக்காரப் பெண் தண்ணீர் குடிக்க மண்டபத்தில் ஏறினாள். பாயில் கிடந்தவனைப் பார்த்து நின்றாள்.

“ஏஞ் சாமி, தண்ணிக்குள்ள விளக்கைத் தூக்கிட்டு நின்னவருல்ல இவரு? யாரு?”

சாமி உதட்டில் விரலை வைத்தார்.

“மெதுவாப் பேசும்மா. கல்யாண வீட்டுக்கு விளக்குக் கொண்டு போறவரு.”