இரண்டாம் கைத் தண்ணீர்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதவளநாட்டை உக்கிரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். பேரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்த வேகத்திலேயே போயும் விடும். ஆனால் அந்த இடைவெளியில் ஒரு கட்டளை போட்டுவிடுவார் பாருங்கள், அதுதான் வம்பு. அந்தக் கட்டளைகளைச் சமாளித்துச் சமாளித்தே மந்திரி சொக்கநாயகத்துக்குத் தலை நரைத்துவிட்டது.

ஒருநாள் நகர்வலம் போய்வந்த ராஜா, உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டு சபையில் உட்கார்ந்தார்.

"மந்திரி! என் அப்பா காலத்தில் வடக்கே பஞ்சம் வந்து இரண்டு கூட்டம் இங்கே பிழைக்க வந்ததே, பட்டு நெய்கிறவர்கள், கிணறு வெட்டுகிறவர்கள். ஒரே வழியில், ஒரே மாதிரி வெறுங்கையோடுதானே வந்தார்கள்? இன்றைக்கு நெசவாளர் தெருவில் ஓட்டு வீடும் ஊஞ்சலுமாக இருக்கிறது. கிணறு வெட்டுகிறவர்களோ கோட்டைக்கு வெளியே தரிசில், ஓலைக் குடிசையில், கழுதைகளோடு கிடக்கிறார்கள். ஏன் இப்படி?"

மந்திரி வாயைத் திறப்பதற்குள் சபைப் பிரமுகர் தாண்டவராயர் எழுந்துவிட்டார். இந்தத் தாண்டவராயருக்கு மந்திரியின் ஆசனத்தின் மேலும் ஒரு கண், அந்தத் தரிசின் மேலும் ஒரு கண்.

"வேறென்ன, சோம்பல்தான் மகாராஜா! காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர்கள். ஓரிடத்தில் நிலைத்தால்தானே உருப்பட? துரத்திவிட்டு அந்தத் தரிசை எனக்குக் கொடுங்கள், குதிரை மேய்த்துக்கொள்கிறேன்."

ராஜாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது கோபம். "சோம்பேறிகளுக்கு என் நாட்டில் இடமில்லை. துரத்துங்கள்!"

சொக்கநாயகத்துக்குக் கவலை வந்துவிட்டது. அத்தனை குடும்பமும் எங்கே போகும்? ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் சிரித்தார். "தாராளமாகத் துரத்தலாம் மகாராஜா. அதற்கு முன்னால் ஒரு கேள்வி" என்றவர், அரண்மனைக்குப் பட்டு கொண்டுவந்திருந்த நெசவாளர் தலைவர் ரங்கய்யனைக் கூப்பிட்டார்.

"ரங்கய்யா, தறி போட முதலில் என்ன செய்வீர்கள்?"

"குழி வெட்டுவோம் சாமி. மிதிகட்டையைக் காலால மிதிக்கக் குழி வேணும்ல? பெரிய மகாராஜா, 'நீங்க குழி வெட்டின இடம் உங்களுக்கே'ன்னு மனை கொடுத்தாங்க. அந்தப் புண்ணியத்துலதான் தறி நின்னுச்சு. நடுவுல யாராச்சும் எழுப்பி விட்டிருந்தா பாவு நூல் அறுந்து நாங்களும் தெருவுலதான் நின்னிருப்போம்."

"கேட்டீர்களா மகாராஜா? முழங்கால் ஆழம் வெட்டினவருக்கு மனை கிடைத்தது. பனைமர ஆழம் வெட்டினவனுக்கு என்ன கிடைத்தது?"

"இவர் குழியிலிருந்து பட்டு வருகிறது ஐயா!" என்று துள்ளினார் தாண்டவராயர்.

"அவன் குழியிலிருந்து தண்ணீர் வருகிறது. தாகம் எடுத்தால் உங்கள் வீட்டில் பட்டுப்புடவையைப் பிழிந்தா குடிக்கிறீர்கள்?"

சபை கொல்லென்று சிரித்தது. தாண்டவராயர் முகம் சிவந்துபோனது. "மனை கொடுத்தாலும் அவர்கள் தங்கமாட்டார்கள். தங்கினால் நான் சபையை விட்டுப் போகிறேன். ஓடிப்போனால் மந்திரி போகட்டும்!"

"பலே!" என்று தொடையைத் தட்டினார் ராஜா. பந்தயம் என்றால் அவருக்குச் சர்க்கரை. "அந்தத் தரிசிலேயே ஒரு கிணறு வெட்டச் சொல்லுங்கள். கிணறும் நிலமும் அவர்களுக்கே. பார்த்துவிடுவோம்!"

இங்கேதான் நம் மந்திரி கோட்டை விட்டார். 'கிணறு வெட்டுங்கள்' என்று மட்டும் ஆள் விட்டுச் சொன்னார். மிச்சத்தைத் தண்ணீர் வரும் அன்றைக்குத் தாமே போய்ச் சொல்லி, அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கவேண்டும் என்று ஒரு ஆசை. பாவம், நல்ல மனிதர்.

தண்ணீர் வந்துவிட்டது என்று சேதி வந்ததும் ராஜா சபையோடு புறப்பட்டார். போய்ப் பார்த்தால், குடிசைகள் பிரிந்து கிடக்கின்றன. கழுதைகள் மேல் சட்டி, பாய், கூரை ஓலை எல்லாம் ஏற்றிக் கட்டியாகிவிட்டது. தலைவன் கங்கப்பன் கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதல் அடி எடுத்து வைக்கிறான்.

"பார்த்தீர்களா! நான் சொல்லவில்லை?" தாண்டவராயர் நின்ற இடத்திலேயே ஆடினார். அட மடையா, முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று மந்திரி மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டார்.

"டேய் கங்கப்பா! எங்கே ஓடுகிறாய்?" என்றார் ராஜா.

"ஓடலீங்க மகாராசா. தண்ணி வந்திருச்சே, போகணும்ல? முதல் கைத் தண்ணி வெட்டினவனுக்கு. அதைக் குடிச்சுட்டேன். அப்புறம் நாங்க கிணத்தைத் தொடக்கூடாது, பக்கத்துல குடியிருக்கவும் கூடாது. எங்க அப்பன் காலத்துலேர்ந்து அதானுங்களே வழக்கம்."

"யார் வைத்த வழக்கம்?"

"கிணத்துக்குச் சொந்தக்காரங்க வெச்சதுதான். தாண்டவராயர் ஐயா வீட்டுக் கிணத்தை நாந்தான் வெட்டினேன். ஊத்து பொங்கின அன்னைக்கே, 'வேலை முடிஞ்சா இடத்தைக் காலி பண்ணு'ன்னு ஐயாவே குடிசையைப் பிரிக்கச் சொன்னாருங்க."

ராஜா தாண்டவராயரைத் திரும்பிப் பார்த்தார். ஆட்டம் நின்றுபோயிருந்தது.

"கங்கப்பா, தப்பு என்மேல்" என்று முன்னால் வந்தார் சொக்கநாயகம். "இந்தக் கிணற்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. நீங்கள்தான் அது. நிலமும் உங்களுக்கே. மகாராஜா கொடுத்துவிட்டார்."

கங்கப்பனின் மனைவி நரசம்மா கேட்டாள்: "அப்ப, நாங்க போகவேண்டாங்களா சாமி?"

ராஜாவே பதில் சொன்னார். "வேண்டாம் தாயே. போகவேண்டியவர் வேறு ஒருவர். தாண்டவராயரே, கோள் சொல்லும் வேலையை நன்றாகவே முடித்துவிட்டீர். வேலை முடிந்தால் இடத்தைக் காலி செய்யவேண்டும் என்பது நீர் வைத்த வழக்கம். கிளம்பும்!"

தாண்டவராயர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தார். நரசம்மா அவசரமாகக் கழுதைமேலிருந்து குடத்தை இறக்கிக் கிணற்றில் தண்ணீர் மொண்டாள். "ஐயா, வெறும் வாயோட போகாதீங்க, ஒரு மடக்கு குடிச்சுட்டுப் போங்க" என்றாள். அவர் காதில் விழாதவர் மாதிரி போய்விட்டார். பாவம், அந்தத் தண்ணீர் அவருக்கு இறங்காதுதான்.

மொண்ட தண்ணீரை அவள் கங்கப்பனுக்கு நீட்டினாள். அவன் பழக்கதோஷத்தில் யாராவது அதட்டுகிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கையை ஏந்தி இரண்டாம் கைத் தண்ணீரைக் குடித்தான். அவன் வம்சத்தில் அதைக் குடித்த முதல் ஆள் அவன்தான்.

அதற்குப் பிறகு அங்கே சுவர் எழும்பி, கூரை ஏறி, கீரைப்பாத்தியும் பச்சை பிடித்தது. அந்தக் கழுதைகளுக்கு மட்டும் சேதி எட்டவில்லையாம். வெகுநாள் வரைக்கும், கிணற்றில் தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே புறப்பட வரிசையாக வந்து நிற்குமாம்.