அக்கரைச் சோம்பேறி

ஆற்றுக்கு இக்கரையில் ஒரு நாடு, அக்கரையில் ஒரு நாடு. இக்கரை ராஜா பல்லக்கில் சாய்ந்தபடி தினமும் ஒரே பெருமையைப் பேசுவார்: "நம் நாட்டில் நூற்றுக்கு எண்பது பேர் வேலை செய்கிறார்கள். அக்கரையில் ஐம்பதுதான். மற்றதெல்லாம் சோம்பேறிகள்."

பல்லக்குத் தூக்கும் வீரணனுக்கு எழுபது வயது. ஒருநாள் ஆற்றங்கரையில் பல்லக்கை இறக்கியவன், கால் வலி தாங்காமல் மணலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அக்கரை நோய் உனக்கும் ஒட்டிக்கொண்டதா? போய் அங்கிருந்து ஒரு சோம்பேறியைப் பிடித்து வா. வெறுங்கையோடு வந்தால் சவுக்கடிதான்" என்றார் ராஜா.

வீரணன் பரிசலில் போனான். பொழுது சாய்கையில் தனியாகத் திரும்பினான்.

"எங்கேடா சோம்பேறி?"

"பாத்தேன் ராஜா. என் வயசுதான். சாப்பிட்டுட்டு மரத்தடியில படுத்திருந்தான். பேரப்பிள்ளைங்க பள்ளிக்கூடம் போயிருக்கு. கூப்பிட்டேன், வரமாட்டேன்னுட்டான்."

"இழுத்து வர வேண்டியதுதானே?"

"இழுக்க எனக்குத் தெம்பு ஏது? அவன்தான் என்னை உக்கார வெச்சுக் கஞ்சி ஊத்தினான். 'இந்த வயசுல உன்னை ஏன்யா இன்னும் வேலை வாங்குறாங்க?'ன்னு கேட்டான். எங்க ராஜாவைக் கேட்டு வந்து சொல்றேன்னு சொல்லியிருக்கேன். பரிசல் நிக்குது ராஜா. என்ன சொல்லட்டும்?"