மூன்று தடவை வந்த கறுப்புப் பட்டை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மலைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த நாளில், பனிச்சாரல் என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் வெறுந்தலையோடு யாரும் வெளியே வரமாட்டார்கள். ராஜாவுக்கும் தொப்பி, மாடு மேய்க்கிறவனுக்கும் தொப்பி. எல்லாம் தாழை ஓலையில் முடைந்த அகலமான தொப்பிதான்.

தொப்பியைச் சுற்றி ஒரு பட்டை கட்டுவார்கள். அதைப் பார்த்தால் அந்த வீட்டுச் சேதி தெரிந்துவிடும். சிவப்பு என்றால் கல்யாணம். பச்சை என்றால் குழந்தை பிறந்திருக்கிறது. மஞ்சள் என்றால் களத்துக்குப் புது நெல் வந்திருக்கிறது.

கறுப்பு மட்டும் முதலில் கிடையாது. ஒரு நாள் சந்தையில், மகனைப் பறிகொடுத்த ஒருவரிடம் யாரோ விவரம் தெரியாமல் கேலி பேசிவிட்டார்கள். அவர் தக்காளிக் கூடைகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து அழுதார். அதற்குப் பிறகுதான் கறுப்புப் பட்டை வந்தது. 'என்னிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்' என்று வாயால் சொல்ல முடியாதவர்கள் தொப்பியால் சொன்னார்கள். தூரத்துச் சொந்தம் போனால் நூல் அளவு. அண்ணன் தம்பி என்றால் இரண்டு விரல் அகலம். புருஷன், பெண்டாட்டி, பிள்ளை என்றால் நாலு விரல்.

சாவுச் சேதி கொண்டுவருகிறவர்தான் கறுப்பைக் கட்டவேண்டும். வீட்டுக்காரர் தலை குனிவார். இறந்தவர் பெயரைச் சொல்லிச் சேதிக்காரர் கட்டுவார். எப்படிப் போனார், எங்கே போனார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் போனவருக்கு அவமரியாதை என்று ஒரு வழக்கம்.

அந்த வழக்கத்துக்குள் புகுந்துவிட்டான் ஒரு மந்திரவாதி. அவன் பெயர் கரிமுகன். உயிரோடு இருக்கும் ஒருவர் பெயரைச் சொல்லி, குனிந்த தலையில் அவனுடைய கறுப்புப் பட்டையைக் கட்டினால் போதும். அந்தப் பெயருக்குரியவர் எங்கே இருந்தாலும் மரமாகி நின்றுவிடுவார். அவருடைய மிச்ச ஆயுள் கரிமுகனுக்கு. இது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேள்வியே கேட்காத ஊரில் எப்படித் தெரியும்?

மலையடிவாரத்தில் செங்கமலம் என்று ஒருத்தி இருந்தாள். கவலைப்படுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. மழை வந்தால் கூரை ஒழுகுமோ என்று கவலை. வராவிட்டால் கிணறு வற்றுமோ என்று கவலை. அவள் புருஷன் குருந்தன் விறகுவெட்டி. ஒரு நாள் காட்டுக்குப் போனவன் மூடுபனியில் திரும்பவில்லை. பொழுது போனது, மறுபொழுது வந்தது, ஆளைக் காணோம்.

அப்போது வாசலில் ஒரு வண்டிக்காரன் வந்து நின்றான். கையில் நாலு விரல் கறுப்புப் பட்டை.

"தாயி, உன் புருஷன் குருந்தன் போயிட்டான். தலையைக் குனி, கட்டட்டுமா?"

 வழக்கப்படி செங்கமலம் குனிந்திருக்க வேண்டும். அவளால் முடியவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"எப்படிய்யா போனாரு?"

வண்டிக்காரன் திகைத்தான். "மரத்திலேருந்து விழுந்துட்டான்."

"எந்த மரம்? அவருக்குத் தலைசுத்தல் உண்டே! காலையில கஞ்சி குடிச்சாரா? இடது காலா வழுக்கிச்சு, வலது காலா? கீழே பாறையா, புல்லா?"

"எனக்கென்ன தெரியும்! கட்டட்டுமா, வேண்டாமா?"

"இன்னும் இல்லை."

குனியாத தலையில் கட்டினால் மந்திரம் பலிக்காது. வண்டிக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டான்.

பக்கத்து வீட்டு நாச்சியார் வேலி வழியாக எட்டிப் பார்த்தாள். போன மழையில் மகனுக்காக நாலு விரல் கறுப்புக் கட்டிக்கொண்டவள் அவள்.

"ஏண்டி செங்கமலம், சேதிக்காரன்கிட்ட கேள்வி கேக்கறியே, நல்லாவா இருக்கு?"

"கேக்காம இருக்க முடியலைக்கா. உன் மகன் எப்படிப் போனான்னு உனக்குத் தெரியுமா?"

நாச்சியார் தன் கறுப்புப் பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

மறுபடி ஒரு ஆள் வந்தான். காவி கட்டிய பண்டாரம். கையில் அதே நாலு விரல் கறுப்பு.

"மகளே, குருந்தன் போய்விட்டான். தலையைக் குனி, கட்டட்டுமா?"

"எப்படிச் சாமி போனாரு?"

"ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று."

"மழையே பெய்யலையே, வெள்ளம் எங்கேருந்து வந்துச்சு? அவருக்கு நீச்சல் தெரியுமே! கோடாலி என்னாச்சு? இடுப்புத் துண்டு அவிழ்ந்துச்சா? நீங்க கரையில நின்னுக்கிட்டுச் சும்மாவா பாத்தீங்க?"

பண்டாரத்துக்கு மூச்சு வாங்கியது. "கட்டட்டுமா, வேண்டாமா?"

"இன்னும் இல்லை."

மூன்றாவதாக வந்தவன் அரண்மனைச் சேவகன். ஈட்டி, மீசை, அதட்டல். சத்தம் கேட்டு ஊரே கூடிவிட்டது.

"ஏய் பொம்பளே! உன் புருஷனைப் புலி அடித்துவிட்டது. ராஜாங்க உத்தரவு. குனி!"

"குனிஞ்சிடு செங்கமலம்," என்றாள் நாச்சியார் அழுதுகொண்டே. "எத்தனை நாள்தான் நிப்பே? நானும் குனிஞ்சேனே!"

ஊரெல்லாம் குனி குனி என்றது. செங்கமலம் தூங்கிப் பல நாளாகியிருந்தது.  தலை கொஞ்சம் தாழ்ந்தது. சேவகன் பட்டையோடு நெருங்கி வந்தான். அவன் தொப்பி அவள் கண்ணுக்கு நேராக வந்தது.

பனிச்சாரலில் எந்தத் தொப்பியிலும் ஒரு வெளிறிய வளையம் இருக்கும். பட்டை கட்டிய இடத்தில் வெயில் படாதல்லவா? கல்யாணமோ சாவோ முடிந்து பட்டையை அவிழ்த்தாலும், ஓலையில் அந்தத் தடம் நிற்கும். இவன் தொப்பியில் தடமே இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். செங்கமலத்துக்குச் சுருக்கென்றது. வண்டிக்காரன் தொப்பியும் இப்படித்தான் இருந்தது. பண்டாரத்தின் தொப்பியும் இப்படித்தான். ஒருத்தருக்காகவும் சந்தோஷப்படாத தொப்பி, ஒருத்தருக்காகவும் அழாத தொப்பி.

அவள் நிமிர்ந்தாள். "மரத்திலேருந்து விழுந்தாரு, வெள்ளத்துல போனாரு, இப்போ புலி அடிச்சிடுச்சு. என் புருஷன் ஒருத்தர்தானே, எத்தனை தடவைய்யா சாவாரு?"

கூட்டத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான்.

"வாயை மூடு! குனி!"

"குனியறேன், குனியறேன். ஆனா முடிச்சு இடது காதுக்கு மேலே விழணும், தெரியுமா? நாலு விரல் பட்டையை ரெண்டு சுத்தா, மூணு சுத்தா? தப்பாக் கட்டினா எனக்குக் காலம்பூரா அதே கவலையாப் போயிடும். இறுக்கிக் கட்டுவீங்களா, தளர்வாவா? நுனியைத் தொங்கவிடுவீங்களா, உள்ளே செருகுவீங்களா? செருகினா வேர்வையில..."

"ஐயோ, போதும்!" சேவகன் வேஷத்திலிருந்த கரிமுகன் காதைப் பொத்திக்கொண்டான். முந்நூறு பேருடைய ஆயுளைத் தின்றவனுக்கு இந்த ஒருத்தியின் கேள்வியைத் தாங்க முடியவில்லை. "எப்படிக் கட்டவேண்டும் என்று நீயே என் தொப்பியில் கட்டிக் காட்டித் தொலை!" என்று பட்டையை அவளிடம் எறிந்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.

நல்ல ஆளாக இருந்தால் இது வெறும் துணி, அவிழ்த்துக் கொடுத்து மன்னிப்புக் கேட்டால் போயிற்று என்று அவள் நினைத்தாள். ஒரு சுற்றுச் சுற்றி, இடது காதுக்கு மேலே முடிச்சுப் போட்டு, கணீரென்று சொன்னாள்: "இது இந்தத் தொப்பிக்காரருக்காக!"

அவ்வளவுதான். தன் பட்டை தன் தலையிலேயே ஏறியதும், தின்ற ஆயுளெல்லாம் அவனை விட்டுக் கழன்றது. மீசை உதிர்ந்தது, ஈட்டி உதிர்ந்தது, கரிமுகனும் கரித்தூளாக உதிர்ந்தான். காற்று அதை ஊதிக்கொண்டு போனது. கூட்டத்திலிருந்த தொப்பிகளில் அவன் கட்டிய கறுப்புப் பட்டைகளெல்லாம் தாமாக அவிழ்ந்து மண்ணில் விழுந்தன. நாச்சியார் தன் தொப்பியைத் தடவிப் பார்த்தாள். பட்டை இல்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு காட்டுப் பாதையையே பார்த்தாள்.

மலைமேல் அவன் விரித்திருந்த மூடுபனி கிழிந்தது. மரமாய் நின்றவர்களெல்லாம் சோம்பல் முறித்து இறங்கி வந்தார்கள். நாச்சியாரின் மகன் வந்தான். ராஜாவின் தம்பி வந்தார். எல்லாருக்கும் பின்னால், கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு குருந்தனும் வந்தான்.

"என்ன புள்ள, ஊரையே கூட்டி வச்சிருக்கே? பனியில வழி தெரியாம ஒரே இடத்தையே சுத்திச் சுத்தி வந்தேன். சட்டுன்னு இப்பத்தான் வெளுத்துச்சு."

செங்கமலம் அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள், காலைத் தொட்டுப் பார்த்தாள், அப்புறம் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகுதான் அழுகை வந்தது.

தம்பியைத் திரும்பப் பெற்ற ராஜா பல்லக்கில் வந்தார். "என்ன வேண்டும், கேள் அம்மா. பாதி ராஜ்ஜியம் தரட்டுமா?"

"ராஜ்ஜியமா? அதுக்கு யார் காவல் இருக்கிறது, மகாராஜா! எனக்கு ரெண்டு வேணும். சாவுச் சேதி வந்தால் யாரும் கேள்வி கேட்கலாம்னு உத்தரவு போடுங்க. அப்புறம், கல்யாணத்துக்குப் பட்டை இருக்கு, சாவுக்கு இருக்கு. வராதுன்னு நினைச்ச ஆள் வந்துட்டா கட்டிக்க ஒண்ணும் இல்லையே!"

ராஜா யோசித்தார். "என்ன நிறம் வைக்கலாம்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பனி விலகிய இடத்தில் வானம் பளிச்சென்று இருந்தது.

அன்று பனிச்சாரலில் நீலச் சாயம் தீர்ந்துபோகும் அளவுக்குப் பட்டை கட்டினார்கள். பரிசாக வந்த பொன்னும் பசுக்களும் முன்னால் போக, குருந்தனும் செங்கமலமும் நீலம் கட்டிய தொப்பிகளோடு வீட்டுக்கு நடந்தார்கள். வழியெல்லாம் எதிரே வந்தவர்கள் அந்தப் பட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

போனவர்கள் பத்திரமாகத் திரும்பி வரட்டும். அவர்கள் வீட்டில் வந்தது போல, நம் வீட்டிலும் நீலமே வரட்டும்.