ஒற்றைத் தட்டு

கோவில்பட்டி ஆவுடையப்பன் மூன்றாவது கோடையாகத் தனியே, வடக்கே பனிமலைகளுக்கு நடுவில் இருக்கும் ஸ்பிதிக்கு வந்திருந்தார். மரம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லாத குளிர்ப் பாலைவனம் அது. மலை செங்குத்தாகப் பிளந்து இருபுறமும் சுவராக நிற்கும். நடுவே ஆறு, ஆற்றை ஒட்டி ஒரு சாலை. காலையில் தோலை உரிக்கும் வெயில், மதியம் ஆலங்கட்டி, சாயங்காலம் புழுதிக்காற்று. அறுபதைத் தாண்டிய மனுஷன் வருஷந்தோறும் புல்லட்டை ரயிலில் ஏற்றிக்கொண்டு போகிற இடமா இது என்று மைத்துனர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள்.

பிளவு முடியும் இடத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருந்தது. மழையும் பனியும் பிடித்துக்கொண்டால் பயணிகள் ஒதுங்குவது அங்கேதான். அதை நடத்தியவர் குடியாத்தத்துக்காரர். ராணுவத்தில் இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு, ஓய்வுபெற்றதும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டவர். அதிகம் பேசமாட்டார், தாடியும் வைத்திருந்தார். அது போதாதா, வருகிறவர்கள் எல்லாரும் மனசில் உள்ளதை அவரிடம் கொட்டினார்கள். டிரைவர் சாமி என்று பெயர் ஆகிவிட்டது.

ஆவுடையப்பன் அவரைக் குருவாகவே எடுத்துக்கொண்டிருந்தார். குரு இவரைவிட இரண்டு வயது சின்னவர். அதனால் சீடனை அண்ணாச்சி என்று மரியாதையாகக் கூப்பிட்டு, உருளைக்கிழங்கு உரிக்கச் சொல்வார்.

சீடனிடம் இருந்தது ஒரே ஒரு கேள்விதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற மாதமே, மனைவி கோமதியைப் பின்னால் உட்காரவைத்து ஆவுடையப்பன் இதே சாலையில் வந்தார். இரண்டு பேரும் ஹெல்மெட் போட்ட நாளிலிருந்து அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பேசினால் கேட்காது என்பதால் கோமதி தோளில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் ஒன்றுமில்லை, போ. கோவில்பட்டியில் பூக்கடையைக் கண்டால் ஒரு தட்டு விழும். அவர் நிற்பார்.

அன்று இந்தப் பிளவுக்குள் பாதி வழியில் வானம் கறுத்துவிட்டது. மழை பிடித்தால் மலையிலிருந்து ஓடை இறங்கிச் சாலையை அறுத்துக்கொண்டு போகும். அந்தப் பயத்தில் ஆவுடையப்பன் வண்டியை விரட்டினார். முதல் தூறல் விழுந்து வலுத்த நேரம், சிவப்புப் பாறை ஒன்று சாலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் திருப்பத்தில், கோமதி ஒரு தட்டு தட்டினாள்.

அவர் நிற்கவில்லை. திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இடது கையை ஆட்டினார். சற்றுப் பொறுத்து இரண்டு தட்டு விழுந்தது. பிறகு அவள் அவருடைய கோட்டின் காலரைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்தாள். இந்தத் தகரக் கூரைக்கு வந்து சேரும்வரை பிடியை விடவில்லை. சாமிதான் அன்று இருவரையும் உள்ளே அழைத்து வெந்நீர் கொடுத்தவர்.

அவள் கோபித்துக்கொண்டாள் என்று ஆவுடையப்பன் நினைத்தார். கேட்டால் சண்டை கிளம்பும், ஊருக்குப் போய்ச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று விட்டார். திரும்பும்போது மலை சரிந்து பாதை மூடிக்கிடந்தது, வேறு வழியாகப் போனார்கள். அந்த மார்கழியில் ஐந்தே நாள் காய்ச்சலில் கோமதி போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்குவதில்லை. முப்பது வருஷம் தட்டினால் நின்ற மனுஷன், அந்த ஒரு தடவை நிற்கவில்லை.

"அவ என்னத்தைக் காட்டத் தட்டினா சாமி?" என்று அந்தக் கோடையிலும் கேட்டார்.

"போய்ப் பாத்தீங்களா?"

பார்த்திருந்தார். வெயிலில் பார்த்தார், பனியில் பார்த்தார். ஒருநாள் பாறை உச்சியில் ஒரு காட்டாடு நின்றது, அதுதானோ என்று அழுதார். இன்னொரு நாள் மழைக்குப் பின் நூலாக ஓர் அருவி இறங்கியது, அதுவாக இருக்குமோ என்று இருட்டும்வரை நின்றார். எது என்று அவளைத் தவிர யாரால் சொல்ல முடியும்?

"எதையோ பாக்கணும்னு ஆசைப்பட்டா. நான் காட்டாமலே அனுப்பிட்டேன்" என்றார். "கோபத்தோடயே போயிட்டா சாமி. அதுதான் தாங்கல."

டிரைவர் சாமி எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது.

"வண்டியை எடுங்க" என்றார்.

மழை வரப்போகிறதே என்று ஆவுடையப்பன் தயங்கினார். அதனால்தான் என்று சொல்லிவிட்டு, சாமி ஆணியில் தொங்கிய பழைய ராணுவ மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். இரண்டு ஆள் நுழையலாம், அவ்வளவு பெரிய கோட்டு.

சாமி பின்னால் உட்கார, பிளவின் மறுமுனைவரை ஆவுடையப்பன் ஓட்டிக்கொண்டு போனார். அங்கே சாமி இறங்கி, "இப்ப நான் ஓட்டறேன், நீங்க பின்னாடி உக்காருங்க" என்றார்.

அந்தப் புல்லட்டில் ஆவுடையப்பன் ஒருநாளும் பின்னால் உட்கார்ந்ததில்லை. காலை எங்கே வைப்பது என்று தேடினார். கோமதியின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்ததுமே கண் நிறைந்துவிட்டது.

வண்டி கிளம்பியது. திருப்பம் வந்தால் இந்த முறை அவள் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பக்கவாட்டில் கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் மழை பிடித்தது. கூடவே கொஞ்சம் ஆலங்கட்டி. ஓடைகள் இறங்கத் தொடங்கின. சாமி குனிந்து, ஒவ்வொரு கல்லாகப் பார்த்து ஓட்டினார்.

அப்போதுதான் ஆவுடையப்பன் அதைக் கவனித்தார். சாமியின் ஹெல்மெட்டில் விழுந்த தண்ணீர் பின்பக்கமாக வழிந்து, வாய் பிளந்து நின்ற காலருக்குள் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. பனித் தண்ணீர். ஓட்டுகிறவருக்குக் கையெடுத்து அதைச் சரிசெய்ய முடியாது. முதுகு நடுங்குவது பின்னால் இருப்பவருக்குத் தெரிந்தது.

ஆவுடையப்பன் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

சாமி நிற்கவில்லை. இடது கையை மட்டும் ஆட்டினார்.

எதிரே செம்மண் கலந்த தண்ணீர் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. இந்த இடத்தில் எப்படி நிற்பார் என்று ஆவுடையப்பனுக்கும் புரிந்தது. இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சும்மா இருந்தார். வண்டி தண்ணீரில் இறங்கி ஏறியது. பாறை நீட்டியிருந்த திருப்பம் எப்போது வந்தது, எப்போது போனது என்று அவர் பார்க்கவே இல்லை.

தகரக் கூரையின் கீழ் வந்ததும் சாமி இன்ஜினை அணைத்தார். இறங்கவில்லை.

"எதுக்கு அண்ணாச்சி தட்னீங்க?"

"கழுத்து வழியா தண்ணி உள்ள இறங்குச்சு சாமி. நின்னு கோட்டைச் சரிபண்ணிக்கிடச் சொல்லலாம்னுதான்."

"நான் நிக்கலையே. கோபமா?"

"இதுல என்ன கோபம்? நீங்க ரோட்டைத்தான பாக்கணும். அதான் ரெண்டு தட்டு தட்டிட்டேன்."

"அப்ப என் காலரை ஏன் இந்தப் பிடி பிடிச்சிருக்கீங்க?"

ஆவுடையப்பன் தன் கையைப் பார்த்தார். அது கோட்டின் கழுத்தை ஒன்றுசேர்த்துச் சுருட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காதபடி இறுக்கி வைத்திருந்தது. எப்போது பிடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

மழை விட்டது. அவர் கையை எடுக்கவில்லை. சாமியும் எடுக்கச் சொல்லவில்லை.