சீட்டில் வந்த பெயர்

சவரிராயன் மாடியேறி வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே வரிசையாகச் சொன்னார்.

"முதலாவது அநீதி. துறைமுகத்துல எங்க வருகைப் பதிவேட்டைக் கங்காணி தன் வீட்டுப் பெட்டிக்குள்ள வச்சிருந்தான். எம்பேரு இருக்கான்னு பார்க்கணும்னு கேட்டவனுக்கு மறுநாள் வேலை கிடையாது.

"இரண்டாவது. பதிவேடு கணினிக்கு வந்துது. ஒரு கம்பெனி பூட்டுப் போட்ட மென்பொருளைக் கொடுத்துது. பெட்டிதான் மாறிச்சு. கங்காணி மாறல.

"மூன்றாவது. அந்தக் கம்பெனி மூடிட்டுப் போயிட்டான். சாவியும் அவனோட போச்சு. எங்க ஆளுங்க இரண்டாயிரத்து நானூறு பேரு உள்ள கிடந்தாங்க.

"நான்காவது. படிச்சவங்க புதுசா ஒண்ணு செஞ்சு தந்தாங்க. முதல் பேரு, கடைசிப் பேருன்னு ரெண்டு கட்டம். எங்காளுக்கு ஒரே பேருதான். பாதிப் பேரை அது உள்ளயே விடல."

"ஐந்தாவது?" என்றாள் சுலைகா.

"ஐந்தாவது நீங்க. அந்தப் பதிவேட்டுக்காக நான் எழுதுன நிரலை மூணு தடவை திருப்பி அனுப்பியிருக்கீங்க."

"உட்காருங்க அண்ணாச்சி."

அவர் உட்காரவில்லை.

மூடிக்கிடந்த ஐஸ் பேக்டரியின் மாடி அது. இயந்திரங்கள் போய்ப் பல வருடம் ஆகியும் சுவர்கள் சில்லென்றே இருந்தன. சுலைகா அங்கே இருந்துகொண்டு ஒரு லினக்ஸ் இயங்குதளத்தின் வாசலைக் காத்தாள். யாரும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், திருத்தி அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்கிற இயங்குதளம். அதற்குள் போகும் ஜாவா நிரல்களையெல்லாம் அவள்தான் சோதிப்பாள்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. அவருக்கு அறுபத்து மூன்று. உலகத்தில் எல்லோரையும் தோழர் என்று அழைத்தவர், மூன்று வருடமாக அவளை மட்டும் டீச்சர் என்று அழைத்தார்.

"ஏன் திருப்பி அனுப்புனேன்னு எழுதியிருந்தேனே."

"படிச்சேன்."

"சொல்லுங்க."

சவரிராயன் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"ஜாவா நிரலை ஒரே மூட்டையாக் கட்டுறோம். மூட்டைக்குள்ள ஒரு சீட்டு இருக்கு. கட்டியவர் யாருன்னு அதுல வருது. அந்தச் சீட்டுல ஒரு பேரு இருக்கு. எழுதியவங்க பட்டியல்ல அந்தப் பேரு இல்ல."

"யார் பேரு?"

"ஒரு பேரு."

"என்ன பேரு?"

"நான் போடல டீச்சர். பதினாலாயிரம் வரியிலயும் தேடிப் பார்த்துட்டேன். ஒரு இடத்துல கூட அது இல்ல."

"இல்லாதது எப்படி வரும்?"

"அதைத்தான் கேட்க வந்தேன்."

சுலைகா தேநீர் ஊற்றினாள். ஒரு டம்ளரை அவர் பக்கம் தள்ளினாள்.

"பட்டியல்ல அந்தப் பேரைச் சேர்த்திருங்க. அன்னைக்கே வாசல் திறந்துரும்."

"மாட்டேன்."

அவர் டம்ளரைத் தொடாமலே விட்டார். தேநீரில் ஆடை படிந்தது.

இன்னும் ஒன்பது நாளில் வெளியீடு உறைந்துவிடும். அதன்பின் புதிதாக எதுவும் உள்ளே போகாது. பதினொரு துறைமுகச் சங்கங்கள் அந்த வெளியீட்டுக்காகக் காத்திருந்தன. அவருடைய நிரல் அதில் இல்லையென்றால், அத்தனை பேரும் மறுபடி ஒரு பூட்டுக்காரனிடம்தான் போவார்கள்.

*

"வெற்று அறைக்குப் போங்க," என்றாள் சுலைகா.

அது சுவர்கள் உள்ள அறை அல்ல. மூட்டை கட்டுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் கணினிக்குள் புதிதாக உண்டாக்குகிற வெறும் இடம். இணையம் கிடையாது. பழைய கோப்பு கிடையாது. கட்டுகிறவரின் பெயர்கூட அதற்குத் தெரியாது. மூல நிரலில் இருப்பது மட்டுமே மூட்டைக்குள் வரும்.

சவரிராயன் கட்டினார். மூட்டையைப் பிரித்தார். சீட்டைப் பார்த்தார்.

"டீச்சர்."

"ம்."

"இருக்கு."

"திரும்பக் கட்டுங்க."

கட்டினார். இருந்தது.

சீட்டு எழுதும் வரியையே மூலத்திலிருந்து வெட்டினார். கட்டினார். சீட்டு இருந்தது. பெயரும் இருந்தது.

"வெளியிலேருந்து எதுவும் உள்ள வர முடியாதுன்னு சொன்னீங்க."

"வர முடியாது."

"அப்ப இது?"

சுலைகா டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

*

மறுநாள் அவள் ஒரு தாளில் மூன்று வரி நிரல் எழுதிக் கொடுத்தாள். திரையில் வணக்கம் என்று காட்டும். வேறு ஒன்றும் செய்யாது.

"இதைக் கட்டுங்க."

கட்டினார். சீட்டில் பெயர் இல்லை.

"இப்ப நீங்களா மூணு வரி எழுதுங்க."

"என்ன எழுத?"

"இதே வணக்கத்தையே எழுதுங்க."

எழுதினார். அதே மூன்று வரி, அதே எழுத்து. கட்டினார்.

சீட்டில் பெயர் இருந்தது. நின்ற இடத்திலிருந்து ஓர் அடி பின்னால் நகர்ந்தார். நாய் படுத்திருக்கும் வாசலில் ஒருவன் கால் எடுத்து வைப்பதுபோல, மெதுவாக.

"கம்ப்யூட்டரை மாத்துங்க டீச்சர்."

மாற்றினாள். அலமாரியிலிருந்து உறை பிரிக்காத ஒன்றை எடுத்து வைத்தாள். இரண்டு மணி நேரம் ஆகியது. கட்டினார்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"இதுலயும் அதே பேரு. எங்கயோ நாக்பூர்ல போய்க் கட்டினாலும் இதுதான் வருமா?"

"ஒரே மூலத்தை எங்க கட்டினாலும் ஒரு எழுத்து மாறக் கூடாது. நம்ம விதியே அதுதானே. போன மாசம் வாசல் குழுவுக்கு அதைப் பத்திப் பத்துப் பக்கம் துண்டறிக்கை எழுதுனீங்களே."

"கிண்டல் பண்ணாதீங்க."

"நல்லாத்தான் இருந்துது. தலைப்பு மட்டும் நீளம்."

அவர் சிரிக்கவில்லை.

"சீட்டுல நேரமும் வருது," என்றார். "நான் இன்னைக்குத் தேதி கொடுத்தேன். அது கேட்க மாட்டேங்குது. பதினோரு வருசத்துக்கு முன்னால ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் நாலு பத்து."

"அன்னைக்கு நாலு பத்துக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

சவரிராயன் அப்போதுதான் உட்கார்ந்தார்.

*

"பொதுக்குழுவுல."

"யாரு பேசுனா?"

"ஒரு பொம்பளைப் பிள்ளை. எடைமேடையில குமாஸ்தா. நம்ம சங்கத்து உறுப்பினர்."

"என்ன பேசுனா?"

"உப்பு மூட்டை தூக்குற பொம்பளைங்க முந்நூறு பேரோட பேரு ஏன் நம்ம பதிவேட்டுல இல்லன்னு கேட்டா."

"ஏன் இல்ல?"

"அது நேரம் இல்ல டீச்சர். வேலைநிறுத்தம் நடந்துக்கிட்டிருந்துது. ஒத்துமை வேணும். கேக்கக் கூடாத நேரத்துல கேட்டா."

"கேக்குற நேரம் எப்ப வந்துது?"

அவர் மேசைமேல் கிடந்த மூன்று வரித் தாளை எடுத்து நாலாக மடித்தார்.

"பிறகு?"

"கங்காணி ஆளுன்னு சொன்னேன். தீர்மானம் கொண்டுவந்தேன். பேரை அடிச்சோம்."

"ஒருமனதாவா?"

"ஒருமனதா."

எந்தத் துரோகமும் ஒருமனதாகத்தான் நிறைவேறியிருக்கிறது. இருநூற்றுப் பதினொரு கைகள் உயர்ந்தன. உயராத கைகளை எண்ணும் வழக்கம் அந்தச் சங்கத்தில் இருந்ததில்லை.

"ரெண்டு வருசத்துல செத்துப் போயிட்டா," என்றார். "மஞ்சள் காமாலை. நான் போகல."

"நிரல்?"

"அவ ராவும் பகலும் உக்காந்து எழுதி வச்சிருந்தா. சங்கத்துக் கம்ப்யூட்டர்ல கிடந்துது. ஒரே பேரை ஒரே கட்டத்துல ஏத்துக்குற நிரல். யாரும் தொடல. நான் ஜாவா படிச்சது அதைப் பார்த்துத்தான். பிறகு ஒவ்வொரு வரியா நானே மாத்தி எழுதினேன் டீச்சர். சத்தியமா. அவ வரி ஒண்ணுகூட இப்ப அதுல இல்ல."

"பேரு?"

சவரிராயன் தலையை ஆட்டினார்.

"சேர்த்தா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"அவங்க எழுதுனதுல பிறந்த நிரல். அப்ப அதை யாரும் எடுத்துக்கலாம்னு அனுமதி கொடுக்க உங்களால ஆகாது. அவங்க வீட்டாளுங்க கையெழுத்து வேணும். வீட்டுல யாரு இருக்கா?"

"ஒரு அக்கா. என் முகத்துல முழிக்க மாட்டா."

"எட்டு நாள் இருக்கு."

"பதினொரு துறைமுகம் டீச்சர். அடிச்ச ஒரு பேருக்காகப் பதினொரு துறைமுகத்தையும் பூட்டுக்காரன்கிட்ட விடச் சொல்றீங்களா?"

"நான் எதுவும் சொல்லல. பேரு என்னன்னுதான் கேட்டேன்."

*

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் மாடிப்படியில் ஓடி வந்தார். அறுபத்து மூன்று வயதில் அப்படி ஓடக் கூடாது.

"போயிருச்சு டீச்சர்."

"எது?"

"பேரு. சீட்டுல இல்ல. மூணு தடவை கட்டிப் பார்த்தேன். தேதியும் இன்னைக்குத் தேதி. எல்லாம் ஒழுங்கா இருக்கு."

சுலைகா தன் கணினியில் கட்டினாள். பிரித்தாள். பார்த்தாள்.

"ஆமா. சுத்தமா இருக்கு."

"இனி திருப்பி அனுப்ப மாட்டீங்களே?"

"சீட்டையும் பட்டியலையும் ஒத்துப் பார்க்குறதுதான் வாசல் வேலை. ரெண்டும் ஒத்துப் போகுது. ஞாயித்துக்கிழமை சாவிக் கூட்டம் இருக்கு. அதுல உங்க சாவியை உறுதி பண்ணிக்கிட்டு, அன்னைக்கே நீங்களே ஏத்திருங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் போகவில்லை. திரையில் வெறும் சீட்டு இருந்தது. கட்டியவர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"டீச்சர்."

"ம்."

"எங்க போயிருக்கும்?"

சுலைகா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். அறையில் குளிர் ஏற்கெனவே அதிகமாக இருந்தது.

"சங்கப் பதிவேட்டுல இருக்கா?" என்று கேட்டாள்.

"அடிச்சாச்சு."

"எடைமேடையில?"

"அந்த ஆபீஸே இப்ப இல்ல."

"பழைய நிரல்ல?"

"அந்த டிஸ்க்கைப் போன வருசம் உடைச்சுப் போட்டேன்."

"இப்ப மூட்டையிலயும் இல்ல."

"இல்ல."

"அப்ப கீழே பார்த்துப் போங்க அண்ணாச்சி. படி வழுக்கும்."

அவர் படியிறங்கினார். மொத்தம் இருபத்திரண்டு படி. ஒவ்வொரு படியிலும் நின்றார். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு நடப்பவர் போல, உதடுகளை இறுக மூடியிருந்தார்.

*

சாவிக் கூட்டம் இப்படித்தான் நடக்கும்.

மூட்டை கட்டுகிறவர்கள் ஒரு கூடத்தில் கூடுவார்கள். ஒவ்வொருவருக்கும் கையெழுத்திடும் சாவி ஒன்று கணினியில் உண்டு. அது அவருடையதுதான் என்பதற்கு மற்றவர்கள் சாட்சி. ஒவ்வொருவராக எழுந்து தன் பெயரையும் சாவியின் எண்ணையும் உரக்கப் படிப்பார்கள். மற்றவர்கள் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். குறித்த பின் அது யாராலும் அழிக்கப்படாமல் உலகத்துச் சேமிப்பகங்களுக்கெல்லாம் போகும்.

அன்று பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். பிற்பகல் வெயில் கூடத்தின் பாதி வரை வந்திருந்தது. மீதிப் பாதி குளிர்ந்தே இருந்தது.

"விதி தெரியும்ல?" என்றாள் சுலைகா. "தாள்ல அச்சானதை நம்பாதீங்க. எந்திரிச்சு நிக்குற ஆளு வாயிலேருந்து வர்றதை மட்டும் குறியுங்க. வாயிலேருந்து வரலைன்னா, அது இல்லைன்னு அர்த்தம்."

"அச்சடிச்சதே வீணுங்கிறீங்க," என்றார் ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

ஆறு பேர் படித்து முடித்தார்கள்.

"ஏழு."

சவரிராயன் எழுந்தார். நாற்பது வருடம் மேடைகளில் ஒலிபெருக்கி இல்லாமல் பேசிய தொண்டை அது. அதிலிருந்து சத்தம் வரவில்லை.

"ஏழு," என்றாள் சுலைகா மறுபடியும்.

தாளில் அவர் பெயர் சரியாக அச்சாகியிருந்தது. அவர் அதைத் திருப்பி மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு விட்டா வெளியீட்டுக்குள்ள முடியாது," என்று பக்கத்தில் இருந்தவர் மெல்லச் சொன்னார்.

"தெரியும் தோழர்."

அவர் கூடத்தின் வெயில் படாத பாதியைப் பார்த்தார். அங்கே நாற்காலிகள் காலியாக இருந்தன. அங்கிருப்பவர்களுக்கும் கேட்கவேண்டும் என்பதுபோலக் குரலை உயர்த்தினார்.

"எல்லாரும் குறிச்சுக்குங்க. துறைமுகப் பதிவேட்டு நிரலை எழுதியவர்."

பதினெட்டுப் பென்சில்கள் தாளைத் தொட்டன.

"பேச்சிமுத்து மகள் இசக்கியம்மாள்."