தேனம்மை எங்கே உட்காருவாள்?

"அம்மா, அந்தப் பிள்ளையை எங்கேதான் உட்கார வைக்கிறது?"

சிதம்பரநாதன் கேட்டபோது உமையாள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மலையடிவாரத்து ஆசிரமப் பள்ளியை நடத்துகிறவர் அவர்தான். சிதம்பரநாதன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவரிடம் சீடராக இருக்கத்தான் வந்திருந்தார்.

"எந்தப் பிள்ளை?"

"தேனம்மை. பதினோரு வயசு. எழுத்துகள் அவள் கண்ணுக்கு நிலையாக நிற்கிறதில்லை. மற்றவர்கள் ஒரு பக்கம் முடிக்கிற நேரத்தில் அவள் ஒரே வரியில் நிற்கிறாள்."

"ம்."

"பெரிய கூடத்தில் எல்லோரோடும் உட்கார வைத்தேன். ஒரே மாதத்தில் தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். 'நான் மக்கு, ஐயா' என்கிறாள்."

"அப்புறம்?"

"சின்னக் கூடத்துக்கு மாற்றினேன். அங்கே ஏழு பேர். எல்லோரும் தட்டுத் தடுமாறிப் படிக்கிறவர்கள். அவளுக்கு வாய் திறந்தது. சத்தமாகப் படித்தாள், சிரித்தாள். அதற்குள் சாப்பாட்டு வரிசையில் ஒரு பையன் 'சின்னக் கூடத்துக்காரி' என்று சொல்லிவிட்டான். மூன்று நாளாகப் பேச்சில்லை. ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்கிறாள். சனிக்கிழமை அப்பா வருகிறார்."

அம்மா காம்புகளை ஒதுக்கினார்.

"யார் யாரைக் கேட்டீர்கள்?"

"அவளுடைய அப்பாவை. டாக்டரை. இதையே படித்த நிபுணர்கள் இரண்டு பேரை. ஒருவர் பெரிய கூடம் என்கிறார். இன்னொருவர் சின்னக் கூடம் என்கிறார்."

அம்மா எழுந்து உள்ளே போனார். உட்காருகிற பனையோலைத் தடுக்கு ஒன்றைக் கொண்டுவந்து சிதம்பரநாதன் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு இதைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போங்கள். எங்கே நிற்கிறாளோ, அங்கே விரியுங்கள்."

முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளை இங்கே உட்கார், அங்கே உட்கார் என்று சொல்லிப் பழகியவர், மறுநாள் தடுக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு சிறுமியின் பின்னால் நடந்தார்.

"ஐயா, நான் எங்கே உட்காரணும்?"

"நீதான் சொல்லணும்."

அவர் விளையாடுகிறாரா என்று தேனம்மை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சின்னக் கூடத்துக்கு நடந்து, ஜன்னலோரம் நின்றாள்.

விரித்தார்.

தமிழ்ப் பாடத்தை விரல் வைத்து, அவசரமில்லாமல் படித்தாள்.

கணக்கு வகுப்புக்கு மணி அடித்தது. எழுந்து பெரிய கூடத்துக்குப் போனாள். தூணைத் தாண்டி, முதல் வரிசையில் நின்றாள்.

விரித்தார்.

ஒரு கணக்கைத் தப்பாகச் சொன்னாள். அடுத்ததைச் சரியாகச் சொன்னாள். இரண்டுக்கும் சிரித்தாள்.

பிற்பகல் வரலாறு. புத்தகத்தின் கனத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள். "இதுல நிறையப் படிக்கணும், ஐயா. சின்னக் கூடத்துக்கே போயிடலாம்."

வாசலைத் தாண்டும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஆவுடையப்பன். எதைக் கேட்டாலும் மடமடவென ஒப்பிக்கிறவன். சாப்பாட்டு வரிசையில் அவளுக்குப் பேர் வைத்தவனும் அவன்தான். கையில் அவனுடைய தடுக்கு இருந்தது.

"ஐயா, எனக்கும் படிக்க வராது. மத்தவங்க படிக்கறதைக் கேட்டு மனப்பாடம் பண்ணிடுவேன். நானும் வரட்டுமா?"

சிதம்பரநாதன் தேனம்மையைப் பார்த்தார்.

தேனம்மைதான் சொன்னாள். "ஜன்னலோரம் என்னோடது. பக்கத்துல போட்டுக்கோ."

அந்த வாரம் முடிவதற்குள் பெரிய கூடத்திலிருந்து இன்னும் மூன்று பேர் வாசிப்புக்குச் சின்னக் கூடத்துக்கு வந்தார்கள். இங்கிருந்து நாலு பேர் பாட்டுக்கும் கணக்குக்கும் அங்கே போனார்கள். நடுவழியில் தடுக்குகள் மோதிக்கொண்டன.

சனிக்கிழமை, அழைத்துப்போக வந்த அப்பாவிடம் தேனம்மை, "கணக்கு முடியட்டும்" என்றாள். கணக்கு முடிந்ததும், "பாட்டு முடியட்டும்" என்றாள். அவர் கீரைக் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினார்.

சாயங்காலம் சிதம்பரநாதன் வருகைப் பதிவேட்டோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, ஒரே ஒரு சிக்கல். எந்தப் பிள்ளை எந்தக் கூடம் என்று இதில் எழுதணும். காலையில் எழுதினால் மத்தியானம் தப்பாகிவிடுகிறது."

பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

அம்மா அந்தப் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு பென்சிலைக் கொடுத்தார்.